லூர்து அக்கா நடித்த அதிகாரி

என் ஆசை லூர்து அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிட இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நீ என்னைவிட ஏழு மாதம் சின்னவள். மூத்தவரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாய்; இளையவரைக் கட்டிய நான் பதினெட்டு வருஷமாக உனக்குத் தங்கச்சி. இப்போது சண்டை போடக்கூட நீ இல்லை.

நீ பாதியில் விட்டுப்போன ஃபெல்லோஷிப்பை, ஊருக்கு உழைக்கிறவர்களுக்கான அந்த ஒரு வருடப் பயிற்சியை, நான்தான் முடிக்கிறேன். அந்தத் தலைமைப் பயிற்சிக்காரர்களே வந்து கேட்டார்கள். "எங்க அக்கா அளவுக்கு எனக்கு வாய் இல்ல சார்" என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். உண்மையில் பயம்.

முதல் நாள் பயிற்சியில் நீ கேட்ட கேள்வியை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லாரும் தலைவருக்கு வேண்டிய குணங்களைச் சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நீ எழுந்து, "அதெல்லாம் சரி சார். ஆபீசர் தலையத் தூக்காம பேப்பரையே பாத்துக்கினு இருந்தா, நாங்க எப்படி சார் பேச்ச ஆரம்பிக்கிறது?" என்றாயாம். ஊருக்கு வந்து நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒத்திகை.

ஏரிக்கரை இருளர் குடியிருப்பில், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நீ அதிகாரியாக உட்கார்ந்த அழகை எப்படி மறப்பேன்? நம் மாமனாரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னா வேணும்? அடுத்த வாரம் வா, போ" என்று விரட்டுவாய். மனு கொடுக்கிறவளாக எதிரில் நின்ற அந்தக் குடியிருப்புக் கன்னியம்மா முதல் தடவை ஓடியே போய்விட்டாள். ஆறாவது தடவை உன் எதிரில் ஜம்மென்று உட்கார்ந்து, "ஏழு குடும்பம் கீது சார். மழை வந்தா வூட்டுக்குள்ள தண்ணி. மேட்டுல மனைப்பட்டா குடுங்க" என்றாள். நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாய். நாமே போய்ப் பேசியிருந்தால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு நீ மூன்று மாதம் எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேன். அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது அக்கா.

மனு கொடுக்க நாள் குறித்த வாரத்தில்தான் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. அப்புறம் யாருக்கும் கால் எழவில்லை. போன திங்கட்கிழமைதான் ஐந்து பேராகத் தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

அங்கேதான் கவிழ்ந்தோம். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்கம்மா" என்றார். ஃபேனைப் போடச் சொன்னார். கன்னியம்மா சொன்னதையெல்லாம் கேட்டு, அவசியம் பார்க்கிறேன் என்று மனுவை வாங்கி வைத்தார். திட்டினால் என்ன செய்வதென்று நீ பழக்கியிருந்தாய். சிரித்தால் என்ன செய்வது? கும்பிடு போட்டுவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம்.

நம் ஊர்ப்பக்கம் போகும் பெருநகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கன்னியம்மா கேட்டாள், "யக்கா, மனு குடுத்ததுக்கு சீட்டு வாங்கினியா?"

வாங்கவில்லை. சீட்டு இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி கிடையாது. மழையும் நெருங்கிவிட்டது. ஃபெல்லோ என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "நீங்க இங்கியே குந்துங்க, நான் ஓடிப்போய் வாங்கினு வரேன்" என்று எழுந்தேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "லூர்து அக்கா இருந்தா அது போவுமா? என்னத்தான அனுப்பும்" என்றாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பிப் போனோம். அவள்தான் உள்ளே போனாள். நான் ஆபீஸ் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து முத்திரை குத்திய சீட்டோடு வந்தாள். "இன்னாடி சொன்ன?" என்றேன்.

"நல்லா பேசினீங்க சார், ரொம்ப சந்தோசம், சீட்டக் குடுங்கன்னு சொல்லிட்டு குந்திட்டேன்."

பட்டா இன்னும் வரவில்லை. இடத்தை அளக்க வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். கன்னியம்மாதான் கூடப் போய்க் காட்டப்போகிறாள்.

அடுத்த வருட ஃபெல்லோஷிப்புக்குப் பெயர் கேட்டார்கள். நானே தொடரலாம் என்றும் சொன்னார்கள். ஆசை இல்லாமல் இல்லை, உன்னிடம் எதற்கு மறைப்பது? கன்னியம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஆட்ட யாரு பாத்துப்பாங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். ஆடு என்றாலே எனக்கு ஆகாது. ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா: அவள் பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்த ஆடுகளை நான் மேய்ப்பேன்.

உன் ஓரகத்தி,
ஸ்டெல்லா