இலஞ்சி ரோட்டு வீடு பூட்டியிருக்கிறது

தென்காசி
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். மதினிக்கு முட்டுவலி தேவலையா? இங்கே நானும் ஸ்ரீமதியும் சுகம். இவர் நேற்றுதான் லாரியில் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போனார். திரும்ப ஒரு வாரம் ஆகும்.

வீட்டுக்காரர் மே முப்பத்தொன்றுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். என் மேல் ஒரு குறையும் இல்லையாம். சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமாம். மூன்று மாதத்தில் அவர்கள் தருவது, நான் இரண்டு வருடத்தில் தருவது. "நீயே சொல்லும்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிட்டது.

வீடு தேடி அலைந்ததில் பல அதிசயங்கள் பார்த்தேன். தென்காசி தனி மாவட்டம் ஆனதும் ஆபீஸ்கள் வந்தன, ஊழியர்கள் வந்தார்கள். அவர்கள் குடியிருக்க வீடு மட்டும் வரவில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தியோடு படம் எடுக்க வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர், படம் எடுத்த வயலையே வாங்கிப்போட்டுவிட்டுப் போனாராம். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மனைக்கல். கல் நட்டு ஆறு வருடமாகியும் ஒரு செங்கல் இல்லை. விலை மட்டும் மாடி மேல் மாடியாக ஏறி நிற்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

கேட்க வந்தது இதுதான். இலஞ்சி ரோட்டில் அப்பா கட்டிய வீடு நான்கு வருடமாகப் பூட்டித்தானே கிடக்கிறது? பூட்டைப் பார்க்க மனமில்லாமல் நான் அந்தப் பக்கமே போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீஸில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டதை மறக்கவில்லை. பங்கு கேட்கவில்லை, வாடகைக்குக் கேட்கிறேன். ஸ்ரீமதிக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு வருடம் போதும்.

அன்புடன்
உங்கள் தங்கச்சி
ஜெயசித்ரா


தாம்பரம்
2.5.2025

அன்புத் தங்கச்சி ஜெயசித்ராவுக்கு,

மதினிக்கு அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. வீட்டுக்காரன் வாடகையையும் ஏற்றிவிட்டான், நான் போலீஸ்காரன் என்றுகூடப் பார்க்கவில்லை. எங்கள் எதிர் பிளாட் கட்டின நாளிலிருந்து இருட்டு. சொந்தக்காரன் துபாயில் இருக்கிறான். கேட்டால், "ஆள் வச்சா வீடு அழுக்காயிரும் சார், விலை ஏறட்டும்" என்கிறான். இந்தத் தெருவில் மட்டும் அப்படிப் பதினோரு வீடு. தலைக்கு மேல் கூரை தேடிப் பாதிப் பட்டணம் அலைகிறது, மீதிப் பட்டணம் பூட்டிக் கிடக்கிறது. இப்படியும் மனிதர்கள் உண்டா என்று மலைத்துப்போகிறேன்.

நம் வீட்டு விஷயம் வேறு. அந்தப் பக்கம் பைபாஸ் வரும் என்கிறார்கள். அதுவரை பூட்டியே இருக்கட்டும். உள்ளே ஆள் குடியிருந்தால் வாங்க வருகிறவன் தயங்குவான்; குடியிருப்பது தங்கச்சி என்றால் இன்னும் தயங்குவான். அதோடு உள்ளே ஒரே கரையான். வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு உனக்கு அது சரிப்படாது.

அச்சன்புதூர் பக்கம் பார். காற்று நன்றாக இருக்கும். ஸ்ரீமதியை நன்றாகப் படிக்கச் சொல்.

பாசமுள்ள அண்ணன்
வேல்ராஜ்


இலஞ்சி ரோடு
31.5.2025

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே அச்சன்புதூரில் வீடு கிடைத்துவிட்டது. ஸ்ரீமதி பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காற்று நன்றாக இருக்கிறது.

சாவி நாளைதான் தருவார்கள். பழைய வீட்டை இன்றே ஒப்படைத்தாயிற்று. சாமான்களை இவர் லாரியில் ஏற்றிவிட்டுக் காவலுக்கு அதிலேயே இருக்கிறார். எனக்கும் பிள்ளைக்கும் ஒரு நாள் தங்க இடம் வேண்டியிருந்தது. இந்த வருடம் சாரல் முந்திக்கொண்டதால் லாட்ஜெல்லாம் நிறைந்துவிட்டன. வீட்டுப் புரோக்கர் பிச்சுமணி அண்ணாச்சிதான் கைகொடுத்தார்.

"கவலப்படாதம்மா. அருவி தெரியுத வீடு ஒண்ணு இருக்கு. ஓனரு மெட்ராஸ்ல பெரிய போலீசு. ஆபீஸ்காரவுக மாச வாடகைக்குக் கேட்டாலும் தரமாட்டாரு, நாள் வாடகைதான். மூணு வருசமா நாந்தான் பாத்துக்கிடுதேன்."

ஆட்டோ நின்றதும் ஸ்ரீமதி என் கையைப் பிடித்தாள். "எம்மா, இது தாத்தா வீடுல்லா?"

"பேசாம வாட்டி" என்றேன்.

உள்ளே போனோம். அறைக்கு அறை ஏசி. நெல் மூட்டை அடுக்கிய அறையில் இப்போது ஆறு பேர் படுக்கலாம். கூடத்துச் சுவரில் பெரிதாக ஐந்தருவிப் படம். அருவி தெரியும் என்று அவர் சொன்னது அதைத்தான். கரையானைத் தேடிப் பார்த்தேன். பெயருக்கு ஒன்றுகூட இல்லை. பிச்சுமணி அண்ணாச்சி அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார், அவரை நீங்கள் பாராட்ட வேண்டும்.

நோட்டில் பெயரும் சொந்த முகவரியும் எழுதச் சொன்னார். எழுதினேன். வாங்கிப் படித்தார்.

"என்னம்மா, இங்கன இந்த வீட்டு நம்பரையே எழுதிருக்கிய?"

ஆதார் கார்டை எடுத்துக் காட்டினேன். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்ததால் அதை அப்பா வீட்டு முகவரியில்தான் எடுத்திருந்தேன், பிறகு மாற்றவே இல்லை. கார்டையும் என்னையும் கதவு நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஓனருக்குச் சொந்தக்காரவுகளாம்மா? சொன்னா வாடகையக் கொறச்சுக்கிடலாம்."

"இல்ல அண்ணாச்சி" என்று முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும்.

ஜெயசித்ரா