இந்த வாரக் குற்றவாளி

மார்ச் 3, செவ்வாய்

பாங்க் அக்கா இன்று தலைக்குச் சாயம் பூச வந்தாள். என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தாலே எல்லோருக்கும் டாக்டர் பட்டம் கிடைத்துவிடுகிறது. போன வாரம் ஒருத்தி கோதுமை என்றாள். அதற்கு முந்தின வாரம் பால். அதற்கும் முன்னால், நான் லேட்டாகக் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம் என்று ஒரு டீச்சர். இன்று பாங்க் அக்கா, தலை முழுக்கச் சாயத்தோடு, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கண்டுபிடிச்சுட்டாங்க! மாசமா இருக்கும்போது காய்ச்சல் மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஆட்டிசம் வருதாம். நீ போட்டியா?"

"போட்டேன்க்கா. காய்ச்சல் அடிச்சுதே."

"அப்ப அதேதான்!" முகத்தில் அப்படியொரு திருப்தி. கேஸ் முடிந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று தெரிந்து ஐந்து வருஷமாகிறது. வீட்டில் அவளுக்கு மேடம் என்று பெயர். பேச்சு கம்மி, அதிகாரம் ஜாஸ்தி. எந்த நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை அவள் உத்தரவுதான். முன்பெல்லாம் இந்த மாதிரி யாராவது சொன்னால் பாத்ரூமுக்குள் போய் அழுவேன். இப்போது 'இந்த வாரக் குற்றவாளி' என்று தலைப்புப் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுகிறேன். இன்று காய்ச்சல் மாத்திரைப் படம். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையாக அனுப்பித் தள்ளினார். தங்கச்சி பார்த்தாள், ஒன்றும் அனுப்பவில்லை. ஏழு மாதம் நடக்கிறது, அசதியாக இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி வரவில்லை. "கால் வீங்கியிருக்குக்கா" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் சித்தி வர வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். சித்தியின் நீலக் கப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டியதும் கப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

எனக்கு வேறு கவலை. இன்று அவளுக்கு முடி வெட்டுவதாக இருந்தது. இந்தத் தெருவில் பாதித் தலை என் கத்தரிக்குக் கீழேதான் குனிகிறது. என் மகள் தலையில் மட்டும் என்னால் கை வைக்க முடியாது. சித்தி எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்று ஒரே சுதியில் முனக வேண்டும். அப்போதுதான் வெட்டலாம். பார்லர்காரி மகள் கண்ணை மறைக்கிற முடியோடு ஸ்கூலுக்குப் போகிறாள். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் எச்சிலையும் எடுத்து மரபணுவைப் பார்ப்பார்களாம். ஆட்டிசம் என்று ஒரே பேர் வைத்திருந்தாலும் உள்ளே பல வகை இருக்கலாம் என்று இப்போது பிரித்துப் பார்க்கிறார்களாம். "எச்சில்தானே? எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர், ஏதோ சொத்தை எழுதி வைக்கிற தோரணையில்.

மார்ச் 14, சனி

வயிறு வலிக்கிறது, சிரித்து.

ஆராய்ச்சிப் பொண்ணு மூன்று டியூபோடு வீட்டுக்கே வந்தாள். சின்ன வயசு, நல்ல பொண்ணு. "மேடம், நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க" என்று என்னைத்தான் சொன்னாள். உள்ளேயிருந்து அசல் மேடம் வந்து நின்றாள். நான் டியூபைத் திறந்து துப்பினேன்.

வீடு இரண்டாகிவிட்டது. ஒரே கத்தல். ஓடிப்போய்ச் சுவரில் இருக்கிற படத்தைக் கையால் தட்டித் தட்டிக் காட்டுகிறாள். அப்போதுதான் எங்கள் மண்டையில் உறைத்தது. துப்பக்கூடாது, துப்பக்கூடாது என்று அவளுக்கு வருஷக்கணக்காகப் பழக்கியது யார்? நாங்கள். வாயிலிருந்து சொட்டுப் போகிற படம் வரைந்து, மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, சுவரில் ஒட்டியது யார்? நாங்கள். அதற்கு முன்னாலேயே நின்று பெற்ற தாய் துப்புகிறாள்!

"துப்பாதே" என்று துண்டால் என் வாயை அழுத்தித் துடைத்தாள். என் டியூப் குப்பைக்கூடைக்குப் போனது. ஆராய்ச்சிப் பொண்ணு பயந்துபோய்த் தன் வாயையும் பொத்திக்கொண்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

சித்தி இன்றும் வரவில்லை. கப் வந்தது, கப் போனது.

மார்ச் 18, புதன்

வீட்டுக்காரர் புதுச் சட்டம் வரைந்தார். ஒரு அட்டையில் வாய், சொட்டு, டியூப், பக்கத்தில் பெரிதாகப் பச்சை டிக். மேடம் அதைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தாள், கூடவே வைத்துக்கொண்டு தூங்கினாள். இன்று ஆராய்ச்சிப் பொண்ணு வந்ததும் எங்களை வரிசையாக உட்காரவைத்து, அட்டையை முகத்துக்கு நேரே நீட்டி, "துப்பு" என்றாள். துப்பினோம். கடைசியில் அவளும் துப்பி, மூடியை இறுக்கி மூடினாள்.

டீ கொடுக்கும்போது கேட்டேன், "அந்தக் காய்ச்சல் மாத்திரை விஷயம் நெஜமாம்மா?"

"ஒரே அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்களை ஒப்பிட்டே பெரிய ஆய்வு பண்ணியிருக்காங்கக்கா" என்றாள். (அன்று 'மேடம்' என்று கூப்பிட்டுப் பட்டது போதும் என்று இப்போது அக்கா.) "மாத்திரை போட்டப்ப பொறந்த பிள்ளை, போடாதப்ப பொறந்த பிள்ளை. அதனால ஆட்டிசம் வந்ததா தெரியல. கடும் காய்ச்சலை அப்படியே விடறதுதான் ஆபத்து. டாக்டர் சொல்ற அளவுல போட்டுக்கலாம்."

"அப்ப எதனாலதான் வருது?"

"ஒத்தைக் காரணம் இல்லக்கா. எத்தனையோ மரபணு சேருது, இன்னும் என்னென்னவோ. முழுசாத் தெரியாது."

தெரியாது! என் நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தியும் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கேட்கவே சுகமாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. இன்று போனையும் எடுக்கவில்லை.

எனக்குப் புரியாதா என்ன? வயிற்றில் பிள்ளையோடு என் மகளைப் பார்க்கப் பயம். பாத்தா ஒட்டிக்குமாடி? மூஞ்சிக்கு நேரா சொல்லிடேன். பக்கத்து வீட்டுக்காரி மாசமா இருந்தப்ப இதையே பண்ணினா, சரி, போடீன்னு விட்டுட்டேன். நீயா? அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த நீயா? அங்கே ஒருத்தி கப்பை வச்சுக்கிட்டு நிக்கறா, அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?

இனி நானும் கூப்பிடப் போவதில்லை. சத்தியம்.

மார்ச் 26, வியாழன்

சத்தியம் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை.

காலையில் தங்கச்சி வீட்டுக்காரர் போன். "அக்கா, ரெண்டு நாளா நெருப்பாக் கொதிக்குது. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையைத் தொட மாட்டேங்கறா. நான் சொன்னாக் கேக்கல. நீங்க வாங்களேன்." கோபம் போன இடம் தெரியவில்லை. பாங்க் அக்காவைப் பாதி வெட்டிய தலையோடு நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொட்டால் கை சுட்டது.

"எந்திரிடி. மாத்திரையைப் போடு."

"மாட்டேன்க்கா. ஒரு பிள்ளையைக் கெடுத்தது போதாதா?"

"யாரு பிள்ளையை? என்னடி உளர்றே?"

"நீ மாசமா இருந்தப்ப காய்ச்சல்ல கெடந்தியே. கடைக்கு ஓடி மாத்திரை வாங்கிட்டு வந்தது யாரு? வேணாம் வேணாம்னு சொன்னவளை அதட்டிப் போடவச்சது யாரு? நீதானேக்கா குழுவுல போட்டே, இந்த வாரக் குற்றவாளின்னு. அது நான்தான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மேடம் முன்னாடி வந்து நிப்பேன்?"

மூன்று வாரமாக நான் இவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். எல்லாம் நான் சிரிப்புக்கு அனுப்பிய ஒரு படத்தால்.

"அடி லூசே!" என்று தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "அன்னிக்கு நீ அதட்டலேன்னா எனக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகியிருக்குமோ. நீ யாரையும் கெடுக்கல. என் பொண்ணைப் பாத்தா உனக்குக் கெட்டுப்போன மாதிரியா இருக்கு?"

நம்பவில்லை. ஆராய்ச்சிப் பொண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். மாத்திரையை இப்போதே போடச் சொன்னாள்.

தங்கச்சி மெதுவாகக் கேட்டாள், "என் பிள்ளைக்கும் வருமா?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. சொந்தத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனா வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம்."

"வந்தா?"

இதற்கு அந்தப் பொண்ணு பதில் சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன். "வந்தா என்கிட்ட வா. அனுபவசாலி. தங்கச்சிங்களுக்கு ஃபீஸ் கெடையாது."

அழுகையோடே சிரித்துவிட்டாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்வரை நான் டம்ளரை விடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாடா.

பாங்க் அக்கா நேற்றுப் பாதித் தலையோடேயே பாங்குக்குப் போயிருக்கிறாள். இன்று வந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். வாயை மூடிக்கொண்டு மீதியை வெட்டினேன். பாவம், கிளம்பும்போது "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று அவளே கேட்டாள். குற்றவாளிப் பத்தியை இன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சித்தி வந்தாள்! வாசலிலேயே தயங்கி நின்றவளை மேடம் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள், நீலக் கப்பைக் கையில் திணித்தாள், எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். தங்கச்சி 'ம்ம்ம்' என்று தொடங்கினாள், குரல் உடைந்தது, மறுபடி பிடித்துக்கொண்டாள். நான் வெட்டினேன். என் மகளுக்குக் கண் இருப்பது ஒரு மாதத்துக்குப் பிறகு தெரிந்தது.

மே 21, வியாழன்

பையன்! தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, பாவம்.

ஜூன் 24, புதன்

ஆராய்ச்சியிலிருந்து பதில். இப்போதைக்கு எங்கள் எச்சிலில் ஒன்றும் அகப்படவில்லையாம். இன்னும் பல வருஷம் பார்ப்பார்களாம். வீட்டுக்காரருக்குத்தான் ஏமாற்றம். "அவ்வளவு துப்பினோமே!"

ஜூலை 12, ஞாயிறு

தங்கச்சி முதல்முறையாகக் கைக்குழந்தையோடு வந்தாள். மேடம் நீலக் கப்பை வைத்தாள், பிள்ளையை மோந்து பார்த்தாள், தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மடியைத் தட்டிக் காட்டினாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். கொடுத்தாள்.

கொடுத்த மறுநிமிஷம் அந்தப் பயல் புளிச்சென்று பால் கக்கினான், மேடத்தின் கவுன்மேலேயே.

மேடம் கவுனைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். சுவரில் இருக்கிற சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்தாள். தங்கச்சி பிள்ளையை வாங்கக் கை நீட்டுவதற்குள் அவளே அவனைச் சித்தி மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். போச்சு, கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

பச்சை டிக் போட்ட அட்டையோடும் செல்லோடேப்போடும் வந்தாள். அட்டையைப் பிள்ளையின் துணிமேல் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, கையால் அழுத்திவிட்டாள். "துப்பு" என்றாள் அவனிடம்.

தங்கச்சி அதைக் கழற்றவே இல்லை. பஸ்ஸில் எல்லோரும் வேடிக்கை பார்க்கட்டும் என்று, அட்டையோடேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.