தலையிழந்த நகரம்

ரத்னா அப்பா,

சோறு வடிச்சு மூடி வெச்சிருக்கேன். நெத்திலிக் கொழம்பு சட்டியில இருக்குது. நான் ரத்னாவைக் கூட்டிக்கினு பழவேற்காட்டுல அக்கா ஊட்டுக்குப் போறேன். நேத்து சண்டைக்காகப் போவல. பயந்துக்கினு போறேன்.

குறுக்கெழுத்துக்கு முன்னல்லாம் என்னைத்தான் கேப்பீங்க. இப்போ கும்மிடிப்பூண்டி ரயில்ல பக்கத்துல குந்தற கண்ணாடிக்காரரு யோசிக்காமலே எல்லாக் கட்டத்தையும் நிரப்பித் தராரு, அவருக்குத் தெரியாத வார்த்தையே இல்லன்னு பெருமை பேசறீங்க.

இன்னைக்கு நீங்க ஷிப்டுக்குப் போனப்புறம் அவரு இங்க வந்தாரு. விலாசம் நீங்க குடுத்தீங்களா? காபி குடுத்துட்டு, பேப்பரைக் காட்டி சும்மா கேட்டேன்: "தலையிழந்த நகரம் ஒரு கை, மூணு எழுத்து." நகரத்துல மொதல் எழுத்தை எடுத்தா கரம். தினம் கட்டம் போடறவங்க யாருக்கும் இது தெரியும். அவரு, "எந்த ஊர்லம்மா? யார் தலை போச்சு?"ன்னு கேக்கறாரு.

அப்போ தினமும் அவருக்கு விடை எழுதிக் குடுத்து உங்க பக்கத்துல குந்த வெக்கறது யாரு?

எமர்ஜென்சி நேரம். உங்க யூனியன் வீரராகவனை போலீஸு ஜீப்புல ஏத்திக்கினு போனது மறந்துடுச்சா? நாளைக்கு ரயில் வேணாம், பஸ்ல போங்க. சாவியை எதிர் ஊட்டு குப்பாயி அக்காகிட்ட குடுத்துடுங்க.

சுந்தரி

இதையும் படிங்க: செருப்பு மாட்டிக்கினே, "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எத்தினி தலை வருது?"ன்னு கேட்டாரு. கூட்டம் இருக்குதுன்னு நீங்க எனக்கே சொல்லலியே.