படிக்காத புத்தகத்துக்கு ஒரு பாராட்டுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, என் மூட்டுவலி கூட இந்த மாதம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது, நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மாடியில் இன்னொரு அறை எழுப்புகிறார், பொழுதுக்கும் சுத்தியல் சத்தம், அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வளையவருகிறாள், நான் பேசுவது காதில் விழாததுபோல் இருக்க அது அவளுக்கு வசதியாகவும் இருக்கிறது. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி நாலைந்து நாளாகிறது. தப்பு என்மேல்தான். துறையின் சாதனைக் கூட்டத்தை வீடியோ எடுத்திருக்கிறார்கள், யாராவது உனக்கு அனுப்பத்தான் போகிறார்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ படித்த, லத்தீன் வழிவந்த மொழிகளைச் சொல்லித்தரும் நம் ரொமான்ஸ் மொழிகள் துறையில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து உனக்குத் தெரியாததா, அவரவர் சாதனையை அவரவரே 'பேராசிரியர் அவர்கள்' என்று வேறு யாரோ எழுதியதுபோல் எழுதிக் கொடுப்போம், துறைத் தலைவி அதை வாசிப்பார், நாங்கள் கூச்சப்படுகிறவர்கள்போல் தலையைக் குனிந்துகொள்வோம். இந்த வருஷம் பிரெஞ்சு நடத்துகிறவரின் இலக்கண நூல் ஒருவழியாக வெளிவந்துவிட்டது, ஸ்பானிஷ் பிள்ளைகள் நாடகப் போட்டியில் கோப்பை வாங்கிவந்தார்கள், இத்தாலியம் நடத்துகிற உன் அப்பனுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் பழைய மாணவர் வரிசையில் முதல் பெயர் உன்னுடையது. போர்த்துகீசியத்திலிருந்து நீ தமிழில் கொண்டுவந்த நாவலுக்குப் பரிசு கிடைத்ததை வாசித்ததும் கூடமே கைதட்டியது, கூட வந்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டோடு தலைவி, புத்தகத்தைப் பற்றி அப்பாவே நாலு வார்த்தை பேசட்டும் என்று சொல்லிவிட்டார். பாப்பா, நான் அதைப் படிக்கவில்லை. நீ அனுப்பிய பிரதி விடைத்தாள் கட்டுக்கு அடியில் கிடந்தது, அம்மாதான் எடுத்துப் போய்ப் படித்தாள். நேரமில்லை என்றால் அதுவும் பொய். சின்னதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்த இத்தாலியத்தை விட்டுவிட்டு நீ போர்த்துகீசியத்துக்குப் போனது உறுத்திக்கொண்டே இருந்தது, அதில் நீ பேர் வாங்கியது இன்னும் உறுத்தியது. பெற்ற பெண்ணைப் பார்த்தே வயிறெரிந்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

பின்னட்டையில் இருந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு அளந்து தள்ளினேன். அதோடு இறங்கியிருக்கலாம், கைதட்டல் தலைக்கேறிவிட்டது. கடைசியில் அந்த வயதான தாய் மகனைப் பார்த்துச் சிரிக்கிறாளே, அந்த ஓர் இடம் போதும் என் மகளின் தமிழுக்கு என்று முழங்கினேன். உன் புத்தகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி மாணவர்களில் முதல் பரிசு வாங்கிய சுருட்டைமுடிப் பெண் எழுந்தாள். குதர்க்கமாக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய், "சார், அந்த அம்மா மூணாவது அத்தியாயத்துலயே செத்துப் போயிடறாங்களே" என்றாள். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். நானோ, "நீ இன்னொரு தடவை கவனமாப் படிக்கணும்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "சரிங்க சார், நான்தான் சரியா கவனிக்கல போல" என்று உட்கார்ந்துவிட்டாள். நீ இருக்கும் ஊருக்கு ஒரு வருஷப் படிப்புக்கு அனுப்ப ஒருவரைத் தேர்ந்தெடுக்க வெளியிலிருந்து வந்த இருவர் முன்வரிசையில் இருந்தார்கள். பரிசு வாங்கிய கட்டுரைக்கான புத்தகத்தையே ஒழுங்காகப் படிக்காதவள் என்று அவளை ஒதுக்கிவிட்டு ஒரு பையனைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படிச்சேன்னு பொய் சொன்னது கூடப் போகட்டும், அந்தப் பொண்ணு தலைகுனிஞ்சு உக்காந்தப்போ உங்க வாய் எங்க போச்சு?" என்றாள். மறுநாள் தலைவியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, "விடுங்க சார், நம்ம துறையில யாரு யார் புத்தகத்தைப் படிச்சிருக்கோம்?" என்றார். அதைக் கேட்டதும் நான் இன்னும் குன்றிப்போனேன். விடமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அவர் போனிலேயே, ஆள் தேர்ந்தெடுக்க வந்த அந்த இருவரிடமும் பேசினேன், தப்பாகச் சொன்னது நான், சரியாகப் படித்தது அவள் என்றேன். மறுபடி கூடிப் பேசுகிறார்களாம், என்ன ஆகும் என்று தெரியவில்லை. நூலக வாசலில் அவளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டால், "எங்கப்பாவா இருந்தாலும் நான்தான் கவனிக்கலன்னு சொல்லியிருப்பேன் சார்" என்கிறாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது உன் புத்தகத்தைப் படிக்கிறேன். தாய் செத்த செய்தி தெரிந்த பிறகும் அந்த மகன் கடைக்குப் போய் அவள் காலளவுக்குச் செருப்பு வாங்கி வருகிறானே, அதற்கு மேல் அன்றைக்குப் போக முடியாமல் மூடிவைத்துவிட்டேன். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே, பாராட்டுகிற தகுதி எனக்கு இப்போது இல்லை.

அந்தப் பெண் வந்து சேர்ந்தால் உன் அறையில் இடம் கொடு, என்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதே. வீடியோ வந்தால் நடுவில் நிறுத்தாமல் முழுக்கப் பார். குளிரில் காதைப் போர்த்திக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், என்னைவிடப் பல மடங்கு மேலே போ, இந்த முறை அதை வயிற்றெரிச்சல் இல்லாமல் சொல்கிறேன்.

இன்னொன்று. புத்தகம் வந்த மாதம் போனில் எந்த இடம் பிடித்தது என்று கேட்டாய், எல்லாமே பிரமாதம் என்றேன். நீ சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரிப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, நீயும் அன்றைக்கே என்னைக் காப்பாற்றித்தான் விட்டிருக்கிறாய்.

உன் அப்பா