சாயக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டு

இன்று காலை ஓட்டுச்சாவடியில் விரலில் வைத்த மையின் வாடை இன்னும் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் மூக்கில் ஏறியது. போன தேர்தலில் நாம் சேர்ந்து போனோம். வரும் வழியெல்லாம் யார் விரலில் மை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தோம். இந்தத் தடவை என் விரலை நான் மட்டும்தான் பார்க்கிறேன்.

சாவடி நம் பள்ளிக்கூடத்தில்தான். அதுவும் நீ சமூக பாடம் எடுத்த அறை. வரிசையில் நிற்கும்போதே நம் பிள்ளைகள் நடத்திய அந்தப் பழைய தேர்தல் ஞாபகம் வந்துவிட்டது.

குடிமைப் பயிற்சி என்று வாரத்துக்கு ஒரு பீரியட் உனக்கு இருந்தது. இருந்தது என்றால் கால அட்டவணையில் இருந்தது. பரீட்சை இல்லாத பாடம்தானே என்று தலைமையாசிரியர் அதைத் தூக்கி என் கணக்கு வகுப்புக்குக் கொடுத்துவிடுவார். நீ விடமாட்டாய். அவர் அறை வாசலில் போய் நிற்பாய். "ஓட்டுன்னா இன்னான்னு கேட்டா மூச்சு விடாம ஒப்பிக்குதுங்க சார். ஒரு தடவை போட்டுப் பாக்கட்டும்" என்பாய்.

மாணவர் தலைவரை அவரே நியமிப்பதுதான் அதுவரை வழக்கம். பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று நீ கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் சம்மதித்தார். ஆனால் சண்டை வந்தால் தேர்தலும் கிடையாது, அந்த பீரியடும் நிரந்தரமாகக் கணக்குக்கு என்றார். எனக்கு லாபம்தான் என்று உன்னைச் சீண்டினேன். "சும்மா இரும்மா, நீ வேற" என்று முறைத்தாய்.

பிஸ்கட் டின் ஓட்டுப்பெட்டி ஆயிற்று. உன் பழைய புடவை மறைப்பு ஆயிற்று. பேனா மை கழுவினால் போய்விடும் என்று, உங்கள் வீட்டுச் சாயப்பட்டறையிலிருந்தே அரக்குச் சாயம் கொண்டுவந்தாய். சோப்பு போட்டாலும் போகாது என்று பெருமை வேறு. சாயக்கார வீட்டில் பிறந்தவள் நீ, தறி வீட்டில் பிறந்தவள் நான். நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே! தினமும் பார்க்கிற கைகள் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு சாயக்காரத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். விடியற்காலையில் பட்டறையில் கை கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். அதிகாரியாக உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண், முன்னால் நின்றவளின் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வெரல்ல மை இருக்குது. நீ போட்டுட்ட. போ."

"அய்ய, இது எங்க வூட்டு சாயம்க்கா! நான் இன்னும் ஓட்டே போடல."

பின்னால் நின்ற அத்தனை பேர் விரலும் சிவப்பு. கள்ள ஓட்டு, கள்ள ஓட்டு என்று பையன்கள் கத்த, ஒருவன் சட்டையை ஒருவன் பிடிக்க, தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? இதுக்குத்தான் வேணாம்னேன். எல்லாம் கிளாசுக்குப் போங்க. தலைவர் யாருன்னு நானே சொல்லிடறேன்."

நீ குரலை உயர்த்தவே இல்லை.

"சார், அதுங்க சண்டை போடறது ஓட்டு கிடைக்கலன்னுதான். இப்ப நிறுத்திட்டா, கேட்டா புடுங்கிக்குவாங்கன்னு கத்துக்கும். அதையா நாம சொல்லிக் குடுக்கறது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை உன்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீ டின்னைக் கவிழ்த்தாய். விழுந்த சீட்டுகளைப் பிரிக்காமலே கிழித்தாய். முதலிலிருந்து திரும்ப ஓட்டு, அடையாளத்துக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்டாய். திருப்பி அனுப்பப்பட்டவள்தான் சொன்னாள்: "நூலு கட்டிடலாம் டீச்சர்." தறி வீட்டுப் பையன்கள் பையைத் துழாவ, அறுந்த பட்டு இழைகள் வந்து குவிந்தன. தறியில் பாவு இழை அறுந்தால் போடும் முடிச்சை, அவிழ்க்க முடியாதபடி, ஒவ்வொரு மணிக்கட்டிலும் அவளே போட்டாள். கடைசியாகத் தன் ஓட்டைப் போட்டாள். அவள் ஆதரித்த பையன் தோற்றுப்போனான். நீ தேற்றப் போனபோது, "தோத்தா இன்னா டீச்சர்? என்னுதையும் எண்ணினாங்க இல்ல" என்றாள். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். வெயில் என்று சொன்னாய்.

இன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். அவளுக்கு இது முதல் ஓட்டு. அதே சிவந்த விரல்கள். அதிகாரி வாயைத் திறப்பதற்குள், "இது எங்க வூட்டு சாயம் சார். நீங்க நகத்து மேல வைங்க" என்று கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: "டீச்சர் வரலையா?" நீ இறந்துபோனது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று அழுதோம்.

உன் பீரியடை இப்போது நான்தான் எடுக்கிறேன். பரீட்சை நெருங்குகிறது, நாளைக்கு அதில் கணக்கு நடத்துங்கள் என்று புதுத் தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். முடியாது, மாணவர் தலைவர் தேர்தல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கைப்பையில் பட்டு இழை எடுத்து வைத்திருக்கிறேன்.