எட்டாம் நம்பர் தூக்கிய கை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னால் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். சரி, உடம்பளவில் நலம் என்று எழுது என்றேன், அதை எழுதிவிட்டாள். அங்கே குளிர் எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா? முதலில் நானேதான் எழுத உட்கார்ந்தேன் கண்ணு, நாலு வரிக்குமேல் கை ஓடவில்லை, கிழித்துப் போட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். நான் பயமா இருக்கு என்றால் அச்சமாக இருக்கிறது என்று எழுதுகிறாள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவளிடம் அம்மா வாயைத் திறக்க முடிகிறதா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் நீ, விடும்மா, யாருக்கும் தெரியாதுல்ல, பேசாம இரு என்பாய், நானும் அதைக் கேட்கத்தான் காத்திருந்ததுபோல விட்டுவிடுவேன். கடிதம் குறுக்கே பேசாது.

நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது, அது உனக்குத் தெரியும், அப்பா அன்றைக்கே படம் அனுப்பினாராம். பத்திரிகையில் வந்ததை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார், கடைக்கு டயர் மாற்ற வருகிற ஆட்களிடமெல்லாம், நம்ம வீட்டம்மா கணக்கு எழுதுற டீமாக்கும் என்று சொல்கிறாராம், என்னவோ நானே பந்து போட்டதுபோல. நீ ஆடிய காலத்தில் நாலு வருஷத்தில் நீங்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் எதிரணியின் வண்டி வழியில் பழுதாகி அவர்கள் வராமல் போனதுதான். அதே அணி இந்த வருஷம் தொடர்ந்து பதினான்கு ஆட்டம் ஜெயித்தது என்றால் எனக்கே நம்ப முடியவில்லை, பத்தொன்பது வருஷமாக மைதான ஓரத்து ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். எல்லாம் புதுக் கோச் வந்த பிறகு. உன்னைவிட மூன்று நாலு வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, குள்ளம், கழுத்தில் விசில் தொங்கும் ஆனால் ஊதிப் பார்த்ததில்லை, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மைதானத் தரையைத் தானே துடைப்பாள். ஒரு வருஷம் பார்ப்போம் என்று சொல்லித்தான் கல்லூரி எடுத்தது, அந்தக் கடிதத்தை ஆபீஸில் அடித்தவளே நான்தான், இந்த மாதக் கடைசியோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது.

அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. தப்பு செய்தவள் தானே கையைத் தூக்க வேண்டும். நடுவர் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, இடித்துவிட்டாயா, கையைத் தூக்கு. பந்து உன் விரலில் பட்டு வெளியே போனதா, கையைத் தூக்கு. முதல் மாதம் பிள்ளைகள் சிரித்தார்கள். எதிரணிப் பிள்ளைகள் அதைவிடச் சிரித்தார்கள், என்னடி, கிளாஸ்ல பாத்ரூம் போகப் பெர்மிஷன் கேக்குறீங்களா என்று கிண்டல் செய்தார்கள். முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம், கையைத் தூக்கித் தூக்கியே தோற்றோம் என்று பிரின்சிபால் ஆபீஸில் வந்து புலம்பினார். கோச்சிடம் நானே கேட்டேன், இது தேவைதானா என்று. அவள் சொன்னாள், அக்கா, யார் பார்த்தான்னு திரும்பிப் பார்க்கிற நேரம் இருக்கு பாருங்க, அந்த நேரத்துல ரெண்டு அடி ஓடிடலாம், அதுக்குத்தான். அது உண்மையாகவும் இருந்தது. நம் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டே ஓடி அடுத்த இடத்தில் போய் நின்றிருப்பார்கள், மற்றவர்கள் நடுவரோடு வாதாடிக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

இதில் என் தப்பு எங்கே வந்தது என்றால், எனக்கும் அந்தக் கைகள் பழகிவிட்டன. ஃபவுல் என்றால் நடுவர் மேசைப் பக்கம் வந்து விரலால் நம்பரைக் காட்டுவார், அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், அதுதான் வேலை. ஆனால் நம் பிள்ளைகள்தான் அவர் காட்டுவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிடுகிறார்களே. நடுவர் வருவதற்குள் நான் எழுதி முடித்துப் பேனாவை மூடியிருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை, அந்தத் தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. கடைசி ஒரு நிமிஷம், இரண்டு பக்கமும் ஐம்பத்தாறு. எட்டாம் நம்பர்க்காரிக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல், உனக்குத் தெரியாததா, ஐந்தானால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். எட்டு யார் என்றால், கொக்கு என்று கூப்பிடுவார்கள், நல்ல உயரம், அதிகம் பேசமாட்டாள். அவள் இல்லாவிட்டால் அணி இல்லை. அவளுக்கு நேர்மாறு பன்னிரண்டாம் நம்பர், ரேடியோ என்று பெயர், வாயை அணைக்கவே முடியாது. நம் வளையத்தின் கீழே நாலு பேர் ஒரு பந்துக்காக ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள், விசில் ஊதிவிட்டது. ரேடியோவின் கை மேலே போனதைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு எதிரே எழுதினேன், அவளுக்கு அது மூன்றாவது. பக்கத்தில் எதிரணியின் கணக்கு எழுதுகிற பெண், வேலைக்குப் புதிது போல, குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, அக்கா, யாருக்கு என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவர்களுக்குக் கொடுத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது, ஒன்று வளையத்தைச் சுற்றிவந்து வெளியே விழுந்தது. கடைசி நாலு நொடியில் கொக்கு பந்தை வாங்கித் திரும்பிப் போட்டாள், ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழு. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலெல்லாம் உருண்டது, நானும் எழுந்து நின்று கத்தினேன், மேசையில் இருக்கிறவள் கத்தக் கூடாது என்பதே மறந்துபோனது. நடுவர் கையெழுத்துப் போட்டார், மூன்று நகலையும் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தோம், முடிந்தது.

திங்கட்கிழமை கொக்கு ஆபீஸுக்கு வந்தாள். ஏதோ படிவம் கொடுக்க வந்தவள் கொடுத்த பிறகும் நின்றாள். டேபிள் அம்மா, அந்தக் கடைசி ஃபவுல் என்று ஆரம்பித்தாள், அதற்குள் வாசலில் இருந்து ரேடியோ, ஏ கொக்கு, போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க, அங்க என்ன மீனா பிடிக்கிற என்று கத்த, ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. உன் தங்கை எல்லா ஆட்டத்துக்கும் என் பின்னால் இரண்டாவது படியில் உட்கார்ந்து தன் நோட்டில் தனியாக ஸ்கோர் எழுதுவாள், உனக்குத் தெரியும். இந்த வருஷ ஆட்டங்களை வைத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதப்போகிறாளாம், அதற்காக என் புத்தகத்தையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். புள்ளியெல்லாம் சரி. ஃபவுல் மட்டும் ஓரிடத்தில் ஒட்டவில்லை. தான்தான் தப்பு என்று நினைத்து ஐந்து தடவை எண்ணினாளாம், அப்பா முடிவெட்டப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள். அம்மா, உன் புக்குல எட்டுக்கு நாலுதான் இருக்கு, என் நோட்டுல அஞ்சு இருக்கு. நான் சிரித்தேன். நீ எங்கேயாவது பார்த்திருப்பாய் என்றேன். இல்லம்மா, ரெண்டு பேரும் கை தூக்கினாங்க, நான் அவங்க கையைப் பார்க்கல, நடுவரோட விரலைப் பார்த்தேன், ஒரு கையில அஞ்சு, இன்னொரு கையில மூணு, நீதானே விரலைத்தான் பார்க்கணும்னு சொன்ன என்றாள். பெரியவளே, கையில் இருந்த தட்டைக் கழுவித் துடைத்து, மறுபடியும் கழுவினேன், என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. இரண்டு கைகள். ரேடியோ முன்னால் நின்றாள், கொக்கு அவளுக்குப் பின்னால் தரையில் கிடந்து கையைத் தூக்கியிருக்கிறாள். எனக்கு முன்னால் இருந்த கைதான் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் தான்தான் இடித்தோம் என்று நினைத்திருக்கிறார்கள், அதைச் சரியாகச் சொல்லத்தான் நடுவர் இருக்கிறார், அவரைத்தான் நான் பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பந்தைப் போட்டவள் பெஞ்சில் இருந்திருக்க வேண்டியவள்.

புதன்கிழமை கொக்கு மறுபடி வந்தாள். கதவருகே அவளுடைய உயரம் தெரிந்ததுமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். எதிர்முனையில் யாருமே இல்லாத போனில், சரிங்க, ஆமாங்க, அனுப்பிடுறேங்க என்று பேசினேன். ஐந்து நிமிஷம் நின்றாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள், நான் அதைக் கீழே இறக்கியதோடு, மூன்று நாள் கழித்து அவள் வாயையும் அடைத்து அனுப்பினேன்.

நினைத்துப் பார்க்காமல் இல்லை. சொன்னால் லீக் கமிட்டி என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும், கையெழுத்தான பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று விடலாம், மறுபடி ஆடச் சொல்லலாம், நம்மை வெளியேற்றி அவர்களைச் சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு அனுப்பலாம். அப்படி ஆனால் கோச்சின் ஒரு வருஷம் அதோடு சரி. என்னை அந்த மேசையில் மறுபடி உட்காரவிட மாட்டார்கள், அது பெரிதல்ல என்று எழுதச் சொன்னேன், சின்னவள் எழுத மறுக்கிறாள், பெரிதுதானே அம்மா என்கிறாள். ஆமாம், பெரிதுதான். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டும் சின்னவளை வயிற்றில் வைத்துக்கொண்டும் எழுதிய மேசை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதும் அந்தப் படத்தில் பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. முதலில் வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

போன வருஷம் நீ அழுதுகொண்டே போன் செய்தாயே, லேபில் இரண்டு பேருடைய ரத்தக் குப்பியில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன், யாரும் இன்னும் பார்க்கவில்லை, என்ன செய்ய என்று. போ, இப்பவே போய்ச் சொல்லு என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் தெரியுமா, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனைக்கூட வைத்துவிட்டேன். நீ போய்ச் சொன்னாய். மூன்று மாதம் உன்னை வேறு பிரிவில் போட்டார்கள், திட்டினார்கள், நீ என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த அறைக் கதவைத் தட்டப் போகும்போது உனக்கு எப்படி இருந்தது என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. கேட்காமல் விட்டதற்கு அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே.

இன்றைக்கு வியாழன். நாளைக் காலை கோச் தரை துடைக்க வருகிற நேரத்துக்குப் போகப்போகிறேன். என் புத்தகத்தையும் சின்னவள் நோட்டையும் பையில் வைத்தாயிற்று. நோட்டில் இடையிடையே நடுவரின் மீசையை வரைந்து வைத்திருக்கிறாள், அதை அழித்துத் தரட்டுமா என்று கேட்டாள், இருப்பது இருக்கட்டும் என்றேன். கோச்சிடம் சொல்வதற்கு முன் கொக்கைக் கூப்பிட்டு, நீ கேட்க வந்தது சரிதான் கண்ணு, தப்பு என்மேல் என்று சொல்லிவிட வேண்டும், அவள் தன்னால்தான் எல்லாம் போனது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த எதிரணிப் பெண்ணுக்கும் நானே சொல்ல வேண்டும், என்னை நம்பி எழுதியவள். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் நீ செய்தியில் பார்த்திருப்பாய். இறுதிப் போட்டியில் நம் கல்லூரிப் பெயர் இல்லை என்றால் என்ன ஆயிற்றோ என்று பதறாதே, அம்மா போய்ச் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள். பெயர் இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்த இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் குடித்து முடி. எங்கே இருந்தாலும் நீ நிமிர்ந்த தலையோடு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கீழே இருக்கும் ஒரு வரி மட்டும் என் கையால் எழுதியது, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா