ஜெனிக்கு வைத்த பெயர்

ஜன. 6, செவ்வாய்

வானம் மப்பு. துணி காயவில்லை.

ஜெனியை வகுப்பை விட்டு அனுப்பத்தான் பள்ளிக்கூடம் அவளுக்கு நோய்ப்பெயர் வைத்தது. ஹெச்.எம். மேடம் சொன்னது: "பைபோலார் மாதிரி தெரியுது. டாக்டர் பார்த்து லெட்டர் குடுக்கட்டும், அப்புறம் வரட்டும்."

என் தங்கை ஜெனி பெஞ்சைத் தள்ளிவிட்டுக் கத்தியது உண்மை. அதே வாரம் ஒரு பையன் ஜன்னலை உடைத்தான். அவனுக்கு மட்டும் "வயசுக் கோளாறு".

பாதி தப்பு அம்மா மேல். ஸ்கூல் மனநல கவுன்சலரிடம் குடும்ப மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். "கோபம் சில நாள்தான் சார், மத்தபடி தங்கம். போன மாசம்கூட ராத்திரி பூரா தூங்காம ஒரே பாட்டு, சிரிப்பு." அது கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் என்று சொல்லவில்லை. "அது எல்லாருக்கும் தெரியாதா?" என்கிறாள்.

ஜன. 8, வியாழன்

அரை நாள் லீவு. தாம்பரம், மனநல டாக்டர். கூட்டம். பக்கத்து சீட் அக்கா ஒருத்தி: "இன்னாமா, டீ குடிக்கப் போன டாக்டரு ஊருக்கே பூட்டாங்களா?"

உள்ளே.

"கோபம் வந்து வந்து போகுதா, தினமும் இருக்கா?"

"சில நாள்தான் மேடம்." அம்மா.

"பொய் சொல்லாதம்மா. தினமும்தான்." ஜெனி.

"ரெண்டாம் கிளாஸ்லேருந்து," என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஸ்கூல் குறிப்பில் இருந்த, தூங்காமல் பாடிய விஷயத்தைப் பற்றி டாக்டர் கேட்டார். ஜெனியே சொன்னாள். சர்ச் வேன், மாடம்பாக்கம் வரைக்கும், விடிய விடிய வீடு வீடாகப் பாட்டு.

"மறுநாள்?"

"செத்த மாதிரி தூங்கினேன். எழுப்பினவங்களைக் கடிச்சேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக: பைபோலார் என்றால் சில நாள் சேர்ந்தாற்போல ஆளே மாறிவிடும். தூக்கம் குறையும், களைப்பே தெரியாது, பேச்சு நிற்காது. அப்புறம் அது அடங்கும். "இவ தினமும் இதே ஜெனிதான். இப்போதைக்கு பைபோலார்னு சொல்ல எதுவும் இல்ல. இது விடாத எரிச்சல். இதுக்கும் உதவி வேணும். தொடர்ந்து வாங்க, பார்ப்போம். அம்மாவும் கத்துக்கணும்."

"நானா? நான் கத்தறதே இல்லயே!" அம்மா கத்தினாள்.

பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி. சட்னி தண்ணியாக இருக்கிறதென்று கடைக்கார அண்ணாவிடம் ஜெனி சண்டை. அப்புறம் என் பங்கையும் தின்றாள்.

"அக்கா, நான் பைத்தியம் இல்லல்ல?"

"எரிச்சல் புடிச்ச கழுதை."

"அது எனக்கே தெரியும்."

பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள். நல்ல நாள்.

ஜன. 9, வெள்ளி

வெயில், கடைசியில். டாக்டர் லெட்டரோடு நாங்கள் மூவரும் ஸ்கூல்.

மேடம் படித்தார். "சந்தோஷம். இருந்தாலும் மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க..."

"பைபோலாராவே இருந்திருந்தா? அந்தப் பிள்ளைக்கு வகுப்பு கிடையாதா?" என்றேன்.

"நீ ஜெனியோட அம்மா இல்லயே. உனக்கு ஏன் இவ்ளோ கோபம்?"

"எனக்கும் லெட்டர் வாங்கணுமா மேடம்?"

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை இவ எந்த இடத்துல உக்காரணும்? இப்பவே வந்து காட்டுங்க."

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இடத்தைக் காட்டும்வரை நாங்கள் மூவரும் நகர்வதாக இல்லை.